பாலத்தில் நிற்பவன்

“இன்னொரு தரம் வாசி மகள். அந்தப் பாலம் வாற இடத்த மட்டும்.”

மஸூதா கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். “‘எங்கள் மகனோ, அந்தத் தபால்காரன் படத்தில் பாலத்தில் நிற்பவனைப் போல நிற்கிறான்.’ அவ்வளவுதான் வாப்பா. பிறகு ஸலாம் சொல்லி முடிச்சிருக்கு.”

பதுர்தீன் தாடியைத் தடவினார். மாத்தளைக் கடைத்தெருவில் மிளகு வாங்கி விற்பவர். குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் எழுத்து வாசிக்க வராது. வீட்டுக்கு வரும் கடிதங்களை எஸ்.எஸ்.சி. தேறிய மகள்தான் வாசித்துச் சொல்வாள். இது தம்புள்ளை வெங்காய வியாபாரி மக்கீன் எழுதியது. மகனுக்காக மஸூதாவைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர். பத்து நாளாகக் காத்திருந்த பதில்.

“சம்மதம்ங்கிறாரா, இல்லங்கிறாரா?”

“எனக்கெப்படித் தெரியும் வாப்பா? நான் படமா பார்த்தேன்?”

“வெங்காய யாவாரி எப்ப இருந்து படம் பார்க்கத் தொடங்கினாராம்?” அடுப்படியிலிருந்து கேட்டாள் அவர் மனைவி ஹமீமா. “பிடிச்சிருக்குன்னா பிடிச்சிருக்குன்னு எழுதுறதுக்கென்ன?”

பதுர்தீன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே கிளம்பினார். வீட்டுக் கடிதத்தை வெளியாருக்குக் காட்டுவது முறையல்ல. அந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்திருந்தார்.

தையல்கார புஹாரி மெஷினை நிறுத்தினார். “பாலத்துல நிக்கிறவனா? மறக்க முடியுமா நானா! மழை கொட்டுது, ஆறு பெருகிப் போகுது. அக்கரையில அவள். நனைஞ்சுக்கிட்டே நிக்கிறான். சம்மதம்தான், இதவிட எப்படிச் சொல்றது? மாப்பிள்ளைக்குக் கோட் தைக்க எப்ப அளவெடுக்கலாம்?”

பதுர்தீன் சந்தோஷமாகப் பக்கத்துத் தேநீர்க் கடைக்குள் நுழைந்தார். அங்கே நடராஜா இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து அரசாங்கக் கச்சேரியில் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதர், நிறையப் படித்தவர்.

“ஐயோ முதலாளி, அது சம்மதமில்லை எண்டு சொல்லுற விதம்! நான் அந்தப் படத்தைக் கண்டியிலயே பார்த்தனான். அவன் நடுப்பாலத்தில நிண்டு யோசிச்சுப்போட்டுத் திரும்பிப் போறான். பாலம் எண்டால் பிரிவு. புலவர்மாரும் அப்பிடித்தான் பாடியிருக்கினம்.”

“மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறான்னு புஹாரி சொன்னாரே?”

“மழையோ? நல்ல வெயில்!”

சத்தம் கேட்டு புஹாரி கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்தார். மரப்பாலம் என்றார் ஒருவர். இரும்புப் பாலம் என்றார் மற்றவர். இதற்குள் இன்னும் மூன்று பேர் கூடிவிட்டார்கள். பாலத்தில் நிற்பது தபால்காரனே இல்லை, அவனுடைய அண்ணன் என்று அவர்களில் ஒருவர் சத்தியம் செய்தார்.

பதுர்தீனின் தேநீர் ஆறிப்போயிற்று. கல்யாணக் கவலையைவிட, அந்த மனிதன் ஏன்தான் பாலத்தில் நிற்கிறான் என்று அறியும் ஆவலே அவருக்கு இப்போது பெரிதாகிவிட்டது.

“நானா, ரவூப்கிட்டக் கேளுங்க,” என்றார் தேநீர்க் கடைக்காரர். “தியேட்டர்ல படம் ஓட்டுறவன். மூணு கிழமை, ஒரு நாளைக்கு மூணு தடவை அந்தப் படத்த ஓட்டினான்.”

அதுவரை தியேட்டர் வாசலைக்கூட மிதித்திராத பதுர்தீன், பின்பக்கப் படிகளில் மூச்சு வாங்க ஏறினார். வெக்கை அடிக்கும் சின்ன அறையில் ரவூப் படச்சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தான். பதுர்தீன் கேட்டதும் அவன் கை நின்றது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தான். பிறகு பேசினான்.

பதுர்தீன் அங்கேயே ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். இறங்கி வர அரை மணி நேரம் ஆயிற்று.

“யார் சொன்னது சரி?” தேநீர்க் கடையிலிருந்து புஹாரியும் நடராஜாவும் ஒரே குரலில் கேட்டார்கள்.

“ரெண்டு பேரும் நல்லாத்தான் பார்த்திருக்கீங்க,” என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தார் பதுர்தீன்.

மஸூதா வாசலிலேயே நின்றிருந்தாள். “என்ன சொன்னாங்க வாப்பா?”

“பாலத்துல நிக்கிறவனுக்கு அக்கரைக்குப் போக மனசில்ல மகள். வாயத் திறந்து சொல்லவும் பயம். அதுதான் அப்படியே நிக்கிறான்.”

மஸூதா தலையைக் குனிந்துகொண்டாள். “அப்ப...?”

“அப்பென்ன? இந்தச் சம்பந்தம் வேணாம்னு, மனசு நோகாத மாதிரி மக்கீனுக்குப் பதில் எழுதிப் போட்டாச்சு.”

அவள் கண்ணில் நீர் முட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “வாப்பா... ஆசிரியர் கலாசாலைக்கு விண்ணப்பம் போட வெள்ளிக்கிழமை கடைசி நாள்.”

“கொண்டு வா. எங்க கையெழுத்து வைக்கணும்னு காட்டு.”

மஸூதா உள்ளே ஓடினாள். ஹமீமா ஈரக் கையோடு கணவர் முன்னால் வந்து நின்றாள். “நல்ல குடும்பம். தங்கமான பையன். எவனோ ஒருத்தன் படத்துல பாலத்துல நிக்கிறான்னு சம்பந்தத்தையே விட்டுட்டீங்களே!”

பதுர்தீன் உள்பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அந்தப் படத்துல பாலமே இல்லையாம் ஹமீமா. பதில எழுதித் தந்த ரவூப்கிட்டயே முதல்ல கடிதத்தக் குடுத்து வாசிக்கச் சொன்னேன். இருந்தது ரெண்டே வரி: ‘எங்களுக்குப் பூரண சம்மதம். நிக்காஹ்வுக்கு நாள் குறியுங்கள்.’”