பன்னிரண்டு கோடுகள்

இரண்டு நிலா காயும் அந்தக் கிரகத்தின் சுரங்க ஊரில் தகராறு முற்றினால் நடுத்தெருவில் துப்பாக்கிச் சண்டைதான். முக்கால்வாசிப் பேருக்கு இயந்திரக் கை. அதனால் யாரும் ஏமாற்றக் கூடாதென்று, மோதும் இருவர் கையையும் ஒரே பட்டறையில் சோதிப்பார்கள். பட்டறைக்காரி என் மனைவி. நான் ஊர்க் காவலன்.

இன்று சவால் விட்டவன் ஒரு சுரங்கத் தொழிலாளி.

"நீ சுட்டுக் கொன்ன எங்க அண்ணனோட கை உன் கையைவிட வேகம். நீ நியாயமா ஜெயிச்சிருக்கவே முடியாது!"

"இதைக் கேளு, சொல்லும்" என்று துப்பாக்கிப் பிடியைக் காட்டினேன். சண்டையில் நான் வீழ்த்திய ஆளுக்கொன்றாகப் பன்னிரண்டு கோடுகள்.

உச்சிவெயிலில் அவன் பட்டறையில் கையைச் சோதித்துக்கொண்டு தெருவில் இறங்கினான். அடுத்து நான் என் இயந்திரக் கையை நீட்டினேன். மனைவி திருகாணியை முடுக்கினாள்.

"பய வேகமா இருப்பான் போலிருக்கே?"

"பயப்படாதீங்க. இவன் கையையும் அரை நொடி தாமதமாத்தான் வெச்சிருக்கேன்."

"இவன் கையையுமா?"

அவள் நிமிரவில்லை. "பின்னே? உங்க வேகத்தை நம்பியா இத்தனை தடவை அனுப்பினேன்?"

"என்ன, பயந்துட்டியா?" தெருவிலிருந்து அவன் கத்தினான்.

துப்பாக்கிப் பிடியை உள்ளங்கையால் பொத்தினேன். எப்படிப் பொத்தினாலும் கோடுகள் வெளியே தெரிந்தன.