கண்மறைச்சி மோதிரம்

"அண்ணே, என் விரல்ல மோதிரம் இருக்கா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்க!"

உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக அந்தப் பெண் கையை நீட்டினாள். பட்டறைக்காரர் பார்த்தார். வெறும் விரல். தொட்டுப் பார்த்தார். மோதிரம் இருந்தது. போன வாரம் அவளுடைய கணவர் வந்து கேட்டு, பட்டறைக்காரரே வார்த்துக் கொடுத்த மோதிரம்.

"எனக்கு எப்படிம்மா கண்ணுக்குத் தெரியும்? கண்மறைச்சியில செஞ்சதாச்சே!"

கண்மறைச்சி, அவர் ஒருவருக்கே கைவந்த கலவை. வெள்ளி, ஈயம், இடி விழுந்த இரும்பு ஒரு சிட்டிகை. அது உருகி நிற்கும்போது, வாங்குபவர் யாரையாவது நினைத்து ஊதுகுழலில் ஒரே ஒரு மூச்சு ஊத வேண்டும். அதன்பிறகு அந்த நகை, நினைக்கப்பட்டவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். செய்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. திருடனுக்குச் சுத்தமாகத் தெரியாது.

"எனக்கும் தெரியலையே அண்ணே!" அவள் குரல் உடைந்தது. "அவரு போட்டுவிட்டு, 'தெரியுதா?'ன்னு கேட்டாரு. நான் பாவி, 'தெரியுதே'ன்னு சொல்லித் தொலைச்சிட்டேன். 'அப்பாடா'ன்னு ஒரு பெருமூச்சு விட்டாரு. அப்ப யாரை நினைச்சுத்தான் ஊதினாரு?"

பட்டறைக்காரருக்குத் தலை சுற்றியது. முப்பது வருடத் தொழிலில் இப்படி ஒரு புகார் வந்ததே இல்லை.

"அவங்க அம்மாவை நினைச்சிருப்பாரோ?"

"மாமியார்கிட்ட காட்டியாச்சு. 'வெறும் கையை எதுக்குடி ஆட்டுறே?'ன்னு திட்டுறாங்க. நாத்தனார், என் தங்கச்சி, எதிர்வீட்டுக்காரின்னு ஒருத்தி விடாம தெரு முழுக்கக் கையை நீட்டிட்டேன். யாருக்கும் தெரியலை."

"சேச்சே, அவரைப் போய் சந்தேகப்படாதீங்க. ஊதுகுழலைக் கையில வச்சுக்கிட்டு அவரு தவிச்ச தவிப்பை நான்ல பார்த்தேன்! உங்களை நினைச்சு நினைச்சு மனுஷனுக்குத் தொண்டையே வறண்டு போச்சு. மூணு தடவை தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சுட்டுத்தான் ஊதினாரு."

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஊதியவர் மனசில் தப்பா, தன் கலவையில் தப்பா? எதிரே கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பட்டறையின் பெயர் கெட்டாலும் கெடட்டும், ஒரு குடும்பம் கெட வேண்டாம் என்று தீர்மானித்தார்.

"தப்பு என்னோடதும்மா. ஈயம் கூடிப்போச்சு. கழற்றி வைங்க, உருக்கிப் புதுசா ஊத்தித் தர்றேன்."

"நிஜமாவா அண்ணே? கலவைதான் கோளாறா?" அழுகையும் சிரிப்புமாக அவள் மோதிரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். டக்கென்று சத்தம் கேட்டது. பார்வைக்கு மேஜை காலியாகத்தான் இருந்தது.

அப்போதுதான் சந்தையிலிருந்து திரும்பிய பட்டறைக்காரரின் மனைவி, கூடையை உள்ளே இறக்கிவிட்டு, கடைக்கு வருகிற எல்லோருக்கும் கொடுப்பது போல ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். மேஜையில் வைக்கப் போனவள் சட்டென்று கையை நிறுத்தினாள்.

"இந்த மோதிரத்தைக் கொஞ்சம் தள்ளி வைங்க, தண்ணி கொட்டிடப் போகுது" என்றாள். "அம்மாடி, என்னமா ஜொலிக்குது!"