மாப்பிள்ளை கேட்ட கேள்வி

தனிக்குடித்தனப் பேச்சு எழுந்த நாளிலிருந்து குமுதவல்லியும் மருமகள் வைதேகியும் பேசிக்கொள்வதில்லை. மூன்று மாதமாகிவிட்டது. அன்று மத்தியானம் குமுதவல்லி கூடத்தில் பழைய நாடகக் கேசட் ஒன்றைப் போட்டுவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாடகத்தில், நங்கநல்லூர் வீட்டுக்குப் பெட்டியோடு வந்திறங்கிய மாமனாரிடம் மாப்பிள்ளை கேட்டான்: "எத்தனை நாள் தங்கப்போறீங்க, மாமா?" பதில் வருவதற்குள் டேப் சிக்கிக்கொண்டது.

"நீங்க காலி பண்ற வரைக்கும், மாப்ளே!" என்றாள் சமையலறையிலிருந்து வைதேகி, அந்த மாமனாரின் கரகரத்த குரலில்.

குமுதவல்லிக்குச் சிரிப்பு பீறிட்டது. உள்ளே வைதேகியும் சிரித்தாள். சொன்னதன் அர்த்தம் உறைத்ததும் இருவரும் சட்டென்று அடங்கிப்போனார்கள்.

குமுதவல்லிதான் மெல்லக் கேட்டாள்: "அதுக்கு மாப்ளே என்னடி சொல்லுவான்?"

வைதேகி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"முதல்லேருந்து சொன்னாத்தான் எனக்கு வரும், அத்தை."