வைரலான முக்காலி

ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிய தச்சர், வெளியே தெரிந்த கால்களைப் பார்த்துவிட்டு அதே வேகத்தில் கீழே இறக்கினார்.

“வாசல்ல ஒரே கூட்டமா இருக்கு,” என்றார் மனைவியிடம். “அத்தனை பேரும் நம்ம கடைக்குத்தான் வரிசை கட்டி நிக்கிறாங்க.”

மனைவி பக்கத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து எண்ணினாள். நாற்பத்தாறு பேர். கடை திறந்த இரண்டு வருஷத்தில் வந்தவர்களை எல்லாம் கூட்டினாலும் அவ்வளவு தேறாது.

கடையில் இருந்தவை நாற்பது முக்காலிகள். தச்சர் தன் கையால் இழைத்தவை, ஒன்றுகூட ஆடாது. இந்தச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அவை விற்காவிட்டால் கடையை மூடிவிட்டு, திங்கட்கிழமை முதல் மனைவியின் தம்பியுடைய ஆபீஸில் போய் ஃபைல் அடுக்க வேண்டும். குடும்பத்தில் பேசி முடித்தாயிற்று. தச்சருக்கு மைத்துனரைப் பிடிக்காது. ஃபைலை அதைவிடப் பிடிக்காது.

விற்க என்ன பாடுதான் படவில்லை அவர்? எண்பத்து மூன்று வீடியோ போட்டார். காலை வெயிலில் முக்காலி, மழைச் சாரலில் முக்காலி, வயலின் இசையோடு மெதுவாகச் சுற்றும் முக்காலி. எதற்கும் பார்வை பதினொன்றைத் தாண்டவில்லை. அதிலும் நான்கு அவருடையது.

எண்பத்து நான்காவதுக்குத்தான் யோகம் அடித்தது. முந்தாநாள், “இதுமேல யானையே ஏறினாலும் அசையாது” என்று சொல்லி முக்காலியின் மேல் ஏறி நின்றவர், பெருமை தாங்காமல் இரண்டு கையையும் விரித்தார். ஒரு கை மேல் அலமாரியில் இடித்தது. பச்சை பெயின்ட் டப்பா அப்படியே தலையில் கவிழ்ந்தது. கண் எது, மூக்கு எது என்று தெரியாத அந்தப் பச்சைக்குள் இருந்து, “பாத்தீங்களா, முக்காலி ஆடல” என்றார்.

படம் பிடித்த மனைவிக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அதே சிரிப்பில், அக்காவுக்கு அனுப்புவதாக நினைத்துக் கடையின் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டாள். அக்கா இன்னும் பார்க்கவில்லை. மற்றபடி பன்னிரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

“என்னங்க, காதோரம் இன்னும் பச்சையா இருக்கு. தொடைச்சுக்கங்க.”

“இருக்கட்டும். அதைப் பாக்கத்தானே வந்திருக்காங்க.”

தலைகால் புரியாத சந்தோஷத்தில் தச்சர் போனை எடுத்தார். “வேணாங்க, முதல்ல ஒண்ணாவது விக்கட்டும்” என்று மனைவி கையைப் பிடித்தாள். கேட்டால்தானே.

“மாப்ள, அந்த வேலை எனக்கு வேணாம்ப்பா. உன் ஃபைலை நீயே அடுக்கிக்கோ.” பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இந்தத் தடவை ஷட்டர் முழுசாக மேலே போனது. மணி பத்து, கடைத்தெருவில் வியாபாரம் சூடுபிடிக்கிற நேரம். முதலில் நின்ற பெண்ணுக்கு முழங்கை வரை மைதா மாவு. அவளுக்குப் பின்னால் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க ஒருவர், அடுத்து சட்டைப் பையில் சீப்பும் கத்தரிக்கோலுமாக இன்னொருவர். போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கிறார்களே என்று தச்சருக்கு உச்சி குளிர்ந்தது.

“தள்ளாதீங்க, ஒவ்வொருத்தரா வாங்க,” என்றார். யாரும் தள்ளவில்லை. “ஆறு பேருக்குப் பத்தாது, அவங்க மட்டும் அடுத்த வாரம் வந்து வாங்கிக்கங்க. சொல்லும்மா, உனக்கு எந்த உயரத்துல வேணும்?”

மாவுக் கைப் பெண் முக்காலிகளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தாள். பின்னால் இருந்த நாற்பத்தைந்து பேரும் அதையே செய்தார்கள்.

“முக்காலி வேணாம்ணே. எனக்கு பேக்கரி, இவருக்குத் தையல் கடை, அவருக்கு சலூன். வரிசையில நிக்கிற எல்லாருமே கடைக்காரங்கதான். நாங்களும் வருஷக்கணக்கா வீடியோ போடறோம், ஈ காக்கா எட்டிப் பாக்கல. உங்களோடது மட்டும் எப்படி இப்படி ஓடுச்சு? அந்த ரகசியத்தை எங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க.”

தச்சரின் முகத்தில் காதோரப் பச்சையைத் தவிர வேறு நிறமே இல்லை. மெல்ல மனைவியின் பக்கம் சாய்ந்தார்.

“ரகசியமா? எனக்கே தெரியாதே. இப்போ உன் தம்பி மூஞ்சியில எப்படி முழிப்பேன்?”

மனைவி அவரை நகர்த்திவிட்டு முன்னால் வந்து நின்றாள். கூட்டத்தை ஒரு தடவை பார்த்தாள், முக்காலிகளை ஒரு தடவை பார்த்தாள்.

“தாராளமா சொல்லித் தர்றோம். மூணு மணி நேரப் பாடம், நின்னுக்கிட்டே கேட்டா கால் கடுக்கும். ஆளுக்கு ஒரு முக்காலி வாங்கிட்டு வந்து உக்காருங்க.”