பக்கத்து சீட் பைலட்

"வலது பக்கம்... மெதுவா... இன்னும் கொஞ்சம் வலது."

தென் கொரியாவின் பூசான் நகரக் கடற்கரைச் சாலையில் காரை ஓட்டிக்கொண்டிருந்த மியோங்-ஒக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து சீட்டில் கணவர் கீ-டே கையைக் கட்டிக்கொண்டு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஓட்டுறது நானா, நீங்களா?"

"இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை இருக்கு, தெரிஞ்சுக்கோ. பிடிச்சுத் திருப்பினா அது 'ஸ்டீர்'. எங்க, எப்போ திருப்பணும்னு சொன்னா அது 'பைலட்'. உன் வேலை முதலாவது."

"பைலட்டாம் பைலட்! டிரைவிங் டெஸ்ட்ல மூணு தடவை கோட்டை விட்ட ஆளு பேசுற பேச்சைப் பாரு. வாயை மூடிட்டு கிம்பாப் சாப்பிடுங்க."

"லாரி வருது, பாரு."

"எனக்கும் கண்ணு இருக்கு!"

துறைமுகத்தில் அவரை இறக்கிவிட்டவள், திரும்பிக்கூடப் பார்க்காமல் காரைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

முந்நூறு மீட்டர் நீளக் கப்பல் ஒன்று புறப்படத் தயாராக நின்றது. அதைத் துறைமுகத்திலிருந்து வெளியே வழிநடத்திக் கொண்டுபோக வந்த கீ-டே ஏறியதும் கேப்டனே ஓடிவந்து கைகுலுக்கினார்.

"வாங்க பைலட்! உங்க உத்தரவுக்குத்தான் காத்திருக்கோம்."

கீ-டே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வலது பத்து டிகிரி" என்றார். சுக்கான் பிடித்திருந்த மாலுமி மறுபேச்சில்லாமல் திருப்பினான்.

கப்பலைப் பத்திரமாகத் துறைமுகத்துக்கு வெளியே கொண்டுபோய் விட்டதும், மனைவிக்குச் செய்தி தட்டினார்: "இங்க ஒருத்தன் நான் சொன்னபடியே திருப்புறான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசல!"

உடனே பதில் வந்தது: "ரொம்ப நல்லது. சாயங்காலம் உங்களைக் கூட்டிட்டுப் போகவும் அவனையே வரச் சொல்லுங்க."