ஒன்பதாவது கேள்வி

அம்மா தனக்குச் செய்த துரோகங்களை அவன் வரிசைப்படுத்தியே வைத்திருந்தான்.

ஒன்று: மூன்று வயதில் அவனைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போனது.

இரண்டு: அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்த பிறகும் அவனைக் கூப்பிட்டுக்கொள்ளாதது.

மூன்று: அவனே முட்டிமோதி அங்கே படிக்க வந்தபோது, அக்கம்பக்கத்தில் "அக்கா பையன்" என்று சொன்னது.

நான்காவது இப்போது நடந்துகொண்டிருந்தது. மாணவர் விசா முடியப் பதினொரு நாள். 'இவன் என் மகன்' என்று அம்மா கையெழுத்துப் போட்டால் தங்கிவிடலாம்.

"வேலை விசா கேட்டுப் பாரேன்," என்றாள், மருத்துவமனைச் சலவை அறையில் போர்வையை மடித்தபடி.

"கேட்டாச்சு. முடியாதுன்னுட்டாங்க."

"மேல படிக்கிறேன்னு எழுதிக் கொடு."

"அதுவும் தள்ளுபடி. பெத்த பிள்ளைன்னு சொல்ல நாக்கு கூசுதா?"

மடித்த போர்வையையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"நாளைக்குக் குடியேற்ற ஆபீசுக்கு வர்றேன்," என்றாள்.

மனிதர்களை மறக்கும் அரசாங்கம் காகிதத்தை மறப்பதில்லை. மறுநாள் குடியேற்ற அதிகாரி அவளுடைய பழைய விண்ணப்பக் கோப்பைத் திறந்தார். விதிப்படி இரண்டு குமாஸ்தாக்கள் சாட்சிக்கு நின்றார்கள்.

"ஒன்பதாவது கேள்வி, குழந்தைகள் உண்டா? 'இல்லை'ன்னு எழுதியிருக்கீங்களே?"

"பிள்ளைக்காரியை வேலைக்கு எடுக்க மாட்டோம்னாங்க. எழுதினேன்."

"இப்போ உண்டுன்னா அது பொய்யாயிடும். பையன் தங்கலாம். உங்க குடியுரிமை போகலாம். தெரியுமில்ல?"

"இருபது வருஷமாத் தெரியும்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் வரிசை கலைந்து போயின.

"ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா அன்னைக்கே பெட்டியைக் கட்டியிருப்பே."

"கையெழுத்து வேண்டாம்மா. நான் போயிடறேன்."

"சும்மா இருடா. உனக்காக மட்டும்தான்னு நினைச்சியா? காகிதத்துல நான் மலடியா இருந்தது போதும்."

கையெழுத்தைப் போட்டாள். அதிகாரியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா, சாட்சிக்காரங்க ரெண்டு பேர் காதுலயும் விழணும். சத்தமா வாசிங்க."

அதிகாரி ஏனோ எழுந்து நின்றுகொண்டார்.

"குழந்தைகள்: ஒன்று," என்று வாசித்தார். பிறகு, அவன் பெயரை.