சமர்த்துக் குழந்தை

"உன் மக வாயைக் கொஞ்சம் அடக்கேன் சர்வினோஸ். தெருவே கூடிடும் போல. துர்தோனா பெத்த பிள்ளையும் இந்த வீட்லதான் இருக்கான். தொட்டில்ல போட்டா போட்டது போட்டபடி கிடக்கான். ஒரு சத்தம் உண்டா? என்ன சமர்த்து!"

மாமியார் முஹப்பத் சொல்லிவிட்டு ரொட்டி அடுப்பைப் பார்க்கப் போனாள்.

சர்வினோஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓரகத்திகள் இருவருக்கும் ஒரே வாரத்தில்தான் பிரசவம். இவள் மகள் மாரை விட்டால் வீல் வீலென்று கத்துகிறாள். அந்த மகராசி மட்டும் கொடுத்து வைத்தவள், காலை நீட்டித் தூங்குகிறாளாக்கும்.

துர்தோனா மகன் முகத்தைக்கூட இவள் பார்த்ததில்லை. நாற்பது நாள் கழியும்வரை ஒரு பச்சை உடம்புக்காரி இன்னொருத்தி குழந்தையைப் பார்க்கக் கூடாது, தோஷம். அந்தக் கட்டுப்பாட்டை மீறினால் முஹப்பத் வீட்டை இரண்டாக்கிவிடுவாள்.

மறுநாள் துர்தோனா முற்றம் தாண்டிக் குளிக்கப் போனாள். சர்வினோஸ் சட்டென்று திரையை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

ஒரே ஒரு தடவை அழட்டும். வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி அழட்டும். அப்புறம் இந்தக் கிழவி என்ன பாட்டுப் பாடுகிறாள் பார்க்கலாம்.

தொட்டிலை மூடி, வழக்கப்படி ஏழு துணி. ஒவ்வொன்றாக விலக்கி, குழந்தையைத் தொட்டிலோடு பிணைத்திருந்த துணிக்கட்டைத் தளர்த்தி, தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

குழந்தை அழவில்லை.

இன்னும் அழுத்திக் கிள்ளினாள். முகம் மட்டும் லேசாகச் சுளித்தது, கண் திறக்கவில்லை.

குழந்தையை அள்ளிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடி, வெளிச்சத்தில் இமையை விலக்கிப் பார்த்தாள். வெள்ளை விழி முழுக்க மஞ்சள்.

"அத்தை! ஓடி வாங்க அத்தை!"

ஈரத் தலையோடு துர்தோனாவும் கூட ஓடினாள். ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நீல விளக்கின் கீழ் கிடத்தினார்கள்.

"ரத்தத்துல மஞ்சள் ரொம்ப ஏறியிருக்கு" என்றாள் டாக்டரம்மா. "ஏற ஏறக் குழந்தை மயங்கித் தூங்கும். பால் கேக்காது, அழாது. அதைத்தான் சமர்த்துன்னு கொஞ்சிட்டிருந்தீங்களா? இன்னும் விட்டிருந்தா மூளையைத் தொட்டிருக்கும். நல்ல வேளை, இப்ப பயமில்ல."

முஹப்பத் அழுதுகொண்டே மூத்த மருமகளைக் கட்டிக்கொண்டாள். "தோஷத்தைக்கூடப் பார்க்காம உள்ள போனியே, நீ தாயி!"

"அதிருக்கட்டும். தொடையில நகம் பதிஞ்சிருக்கே, யார் வேலை அது?" என்றாள் டாக்டரம்மா.

சர்வினோஸ் விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"நான்தான் டாக்டர்" என்றாள் துர்தோனா. "பாலுக்கு எழுப்பக் கிள்ளினேன்."

"பெத்தவளாடி நீ?" என்று முஹப்பத் பிடித்துக்கொண்டாள். துர்தோனா தலை குனிந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டாள்.

மாமியார் மருந்து வாங்கப் போனதும் சர்வினோஸ் மெல்லக் கேட்டாள். "நான்தான்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்க்கா."

"அப்புறம் ஏண்டி பழியை நீ ஏத்துக்கிட்டே?"

துர்தோனா கண்ணாடிக்குள் கிடந்த மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவன் பால் குடிக்கலைன்னு அத்தைகிட்ட சொன்னேன். சமர்த்துப் பிள்ளையைக் குறை சொல்லாதேன்னு வாயை அடைச்சிட்டாங்க. உங்க பொண்ணு பாலுக்குக் கத்துற ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரிஞ்சுதுக்கா. நான் யாரைப் போய்க் காட்டிக் கொடுக்க?"